குரல் இருந்த பக்கம்

தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், கட்டட வரைபடம் போடும் அந்த மனிதர் வீட்டுக்கு வந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். திரையில் வந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தார்; மனைவியின் பெயரையும், வீட்டிலும் வேலையிலும் வழக்கமாகப் பேசுவதையும் சேர்த்துப் பதிந்தார். இருமல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு மென்பொருள் அவர் குரலை உருவாக்கிக் கொடுத்தது. தட்டச்சு செய்தால் பேசும், அவரைப் போலவே கொஞ்சம் மூக்கால்.

அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகுதான் தொல்லை தெரிந்தது. அவர் கணினியில் இரண்டு இயங்குதளங்கள்: வரைபட வேலை லினக்ஸில், குரல் விண்டோஸில். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல, எல்லாவற்றையும் மூடி, கணினியை அணைத்துப் போட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும். பகல் முழுக்க மேசையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் தம்பி அலுவலகங்களுக்குக் கணினி பராமரிப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரவழைத்தாள். கணினியின் வன்வட்டில் விண்டோஸ் இருந்த பகுதியை அப்படியே, லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக, கணினிக்குள் இன்னொரு கணினி போல, ஓடும்படி அவன் அமைத்தான்.

"முதல்ல எல்லாத்தையும் நகல் எடுத்துடேன்டா."

"என்கிட்ட இருக்கற டிஸ்க்ல இடம் பத்தாதுக்கா. அடுத்த வாரம் பெருசா ஒண்ணு கொண்டு வரேன்."

மதியம் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே விண்டோஸ் திறந்தது. அவர் தட்டச்சு செய்தார்.

"ஏன் மாப்ளே, இதுக்கா இவ்ளோ நேரம்? நான் கட்டடத்தையே கட்டி முடிச்சிருப்பேன்."

அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தவள் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலைந்து நாள் வீடு கலகலத்தது. உப்பு குறைவு என்றார், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டார். "முன்னாடி இவ்வளவு வாயாட மாட்டீங்களே" என்றாள் அவள்.

அந்த வாரமே, அவர் மருத்துவமனைக்குப் போயிருந்த ஒரு காலை, அவள் கணினி முன் உட்கார்ந்தாள். தம்பி மறந்துவிட்டால் என்ன செய்வது? தானே நகல் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். குரல் இருந்த விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்க, லினக்ஸ் பக்கத்திலிருந்து அதே பகுதியைத் திறந்தாள். நகல் எடுக்குமுன் பதிவுகளை வீட்டுப் பேச்சு, வேலைப் பேச்சு என்று அங்கேயே பிரித்து அடுக்கினாள். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவர் திரும்பி வந்து தட்டச்சு செய்தபோது இரைச்சல்தான் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

தம்பி வந்து பார்த்தான். "அக்கா, இதை நீ லினக்ஸ்ல திறந்தியா?"

"நகல் எடுக்கத்தான்டா."

"உள்ளே விண்டோஸ் ஓடிட்டு இருந்துச்சே. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம ஒரே இடத்துல எழுதியிருக்கு. எல்லாம் கலந்துடுச்சு."

"திறக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லலக்கா."

வன்வட்டைக் கொண்டுபோய்த் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தான். துண்டு துண்டாகச் சில பதிவுகள் மீண்டன. நாளைக்கு மழை வரலாம். ரயில் தாமதமாகப் புறப்படும். மென்பொருள் கொடுத்திருந்த வாக்கியங்கள்.

"இதுல என் பேரு இருக்கா?"

"தேடிட்டேன்க்கா. இல்ல."

மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, அவரை மறுபடி வாசிச்சுப் பதிவு பண்ணச் சொல்லுங்க." மனைவி போனை வைத்துவிட்டாள்.

வேறு யாருடைய குரலோ ஒன்று கிடைத்தது. தெளிவான, இளைஞனின் குரல். அதில் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"வேண்டாங்க" என்றாள். அவர் அதை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். உன் மேல் தப்பில்லை. உன் தம்பியிடமும் சொல், வீட்டுக்கு வரச் சொல்.

அவள் தலையாட்டினாள். தம்பியிடம் சொல்லவும் செய்தாள். ஆனால் மறுவாரத்திலிருந்து பரிசோதனைக் கூடத்தில் விடுமுறை நாள்களிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று அவர் எழுதிக் கேட்கவில்லை.