நான்காம் அடுப்பின் ஒன்றரை கிராம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது தோன்றியது. (பிஸ்கட் நன்றாக இருந்தது. கதையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.)

முதல் தொடக்கம்: 'மூடுபனியில் அந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கி...' வேண்டாம், ஆளே இல்லை.

இரண்டாவது: பிஸ்கட் தொழிற்சாலையின் புள்ளிவிவரக்காரி மேலாளர் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு அடுப்புகளில் நான்காவதில் மட்டும் பிஸ்கட் ஒன்றரை கிராம் கூடுதல். அந்த அடுப்பைப் பார்ப்பதும் அதன் பிஸ்கட்டை எடை போடுவதும் அவளுடைய சொந்த அண்ணி. மேலாளர் அண்ணியை மூட்டை அடுக்கும் வேலைக்கு மாற்றப்போகிறார்.

இதுவே இருக்கட்டும்.

2

ஒரே அடுப்புக்குள் பிஸ்கட்டுக்குப் பிஸ்கட் எடை கொஞ்சம் மாறும். அது ஒரு பங்கு. அடுப்புக்கு அடுப்பு மாறுவது இன்னொரு பங்கு. இங்கே மொத்த மாறுபாட்டில் பத்துக்கு ஏழு இந்த இரண்டாவது பங்கு. அண்ணிக்கு வினை அதுதான்.

(இங்கே ஒரு சூத்திரம் இருந்தது. என் மனைவி கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

ஆனால் புள்ளிவிவரக்காரி தடிமனையும் நிறத்தையும் சேர்த்தே அளந்திருந்தாள். ஒரே அடுப்புக்குள் எடை கூடிய பிஸ்கட் தடித்தும் வெளுத்தும் இருந்தது. அடுப்புக்கு அடுப்பு ஒப்பிட்டால் எடை மட்டும் தனியாகத் துள்ளியது, மற்ற இரண்டும் அசையவில்லை.

"மாவு கூடியிருந்தா தடிமனும் கூடியிருக்கணும் சார். தப்பு பிஸ்கட்ல இல்ல, எடை போடறதுலதான்."

"அண்ணிங்கறதால சொல்லலையே?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"டீ குடிச்சிட்டு நானே வந்து பாக்கறேன்," என்றார் மேலாளர்.

3

இந்த அண்ணி அப்பழுக்கில்லாதவளாக வந்துகொண்டிருக்கிறாள், எனக்கே நம்பிக்கையில்லை. ஒரு குறை வைக்கிறேன்: சுத்தப் பைத்தியம்.

புள்ளிவிவரக்காரி கீழே நான்காம் அடுப்புக்கு ஓடிவந்து பார்த்தாள். அண்ணி எடை மெஷினில் பூஜ்ஜியம் வைத்தாள். பிறகு பட்டர் பேப்பரை நாலாக மடித்துத் தட்டில் போட்டு, அதன்மேல் பிஸ்கட்டை வைத்தாள்.

"என்ன அண்ணி இது?"

"பின்ன? பத்துப் பேர் கை பட்ட தட்டுல திங்கிற பொருள வைக்கவா?"

புள்ளிவிவரக்காரி பேப்பரை மட்டும் வைத்துக் காட்டினாள். ஒன்றரை கிராம். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

"நாலு மாசமா இப்படியா போட்டேன்?"

"எடுத்துடுங்க அண்ணி. அவர் வர்றதுக்குள்ள."

அண்ணி யோசித்தாள். பேப்பரைத் திரும்பவும் தட்டில் வைத்தாள்.

"இருக்கட்டும், கண்ணால பாக்கட்டும். இத மறைச்சா, நாளைக்கு நீ சொல்ற கணக்க யாரும்மா நம்புவாங்க?"

புள்ளிவிவரக்காரிக்குக் கண் கலங்கியது. (எனக்கும்தான்.)

4

முடிவு ஒன்று: மேலாளர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். முடிவு இரண்டு: மூட்டை...

என்னால் எழுத முடியவில்லை. மேலாளரைப் படிக்கட்டில், ஒரு காலைத் தூக்கியபடியே நிறுத்தி வைத்திருக்கிறேன். கீழே இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள். அவரை நீங்களே இறக்கிவிடுங்கள், கொஞ்சம் சீக்கிரம். அவருக்கு முட்டிவலி வேறு.