பலகை கண்டால் ஏறும் நாய்

அக்கா மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போகிறாள். பஞ்சர் என்ற அவளுடைய நாயைத் தம்பியிடம் விடுவதா, நாய்க் காப்பகத்தில் விடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. காப்பகம் என்றால் கூண்டு. கதவு சாத்தினாலே சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காத நாய் அது.

தம்பியின் லட்சணம் ஊரறிந்தது. சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்து, ஒருநாள் அடையாள அட்டையை மேசையில் வீசிவிட்டு வந்தவன். “உன்னையே எழுப்ப ஒரு ஆள் வேணும். நீ நாயைப் பாத்துக்கப் போறியா?” என்று அக்கா கேட்டாள். ஏரிக்கு வந்து பார் என்றான்.

வேலையை விட்டதிலிருந்து அவனுக்குப் பேடில் போர்டு பைத்தியம். காற்றடித்த நீளப் பலகைமேல் நின்றுகொண்டு துடுப்புப் போடுவதுதான் விஷயம். யாரும் எதையும் சீக்கிரம் தூக்கு என்று கத்துவதில்லை. காலடியில் தண்ணீர் சளக் சளக்கென்கிறது, கரை தானாக நகர்கிறது. அவனுக்கு அது போதும்.

ஒரு வாரமாகக் கூடத்தில், சோபாவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் பலகையைப் போட்டுப் பஞ்சரைப் பழக்கியிருந்தான். ஏறினால் ஒரு பிஸ்கட். வாலாட்டிக்கொண்டு நாளெல்லாம் ஏறி ஏறி இறங்கியது. பிறவி மேதை என்று நினைத்துக்கொண்டான்.

கரையில் நாய்க்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்தான். தானும் ஒன்று மாட்டிக்கொண்டான். நாயைப் பலகையோடு கட்டிவிடச் சொன்னாள் அக்கா.

“கட்டக் கூடாதுக்கா. கவுந்தா அடியில மாட்டிக்கும்.”

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் எல்லாம் அழகாகத்தான் போனது. முட்டி போட்டுக் கிளம்பி, நடு ஏரியில் எழுந்து நின்றான். பஞ்சர் முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி தன் பலகையில் பக்கத்தில் வந்தாள்.

பலகையில் ஏறினால் பிஸ்கட் என்றுதான் பஞ்சர் படித்திருந்தது. யாருடைய பலகை என்று அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுந்து, அவளுடைய பலகைமேல் காலை வைத்தது. இரண்டு பலகையும் விலகின. நாய் தொப்பென்று நடுவில் விழுந்தது, அவன் பின்பக்கமாக.

மேலே வந்தபோது துடுப்பு ஒரு பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தது, நாய் மறுபக்கம் நீந்திக்கொண்டிருந்தது. நாயிடம் போனான். ஜாக்கெட்டின் முதுகுப்பிடியைப் பிடித்து இழுத்துவந்து, பக்கவாட்டில் பலகைமேல் தள்ளி ஏற்றினான். பிஸ்கட் பழக்கிய கதையை மூச்சு வாங்கச் சொன்னான். பெண்மணி சிரித்துவிட்டு, தன்னிடம் பிஸ்கட் இல்லையென்று வருத்தம் தெரிவித்தாள். அவன் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக் கரைக்கு வந்தான்.

அக்கா ஷூவோடு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். எப்போது இறங்கினாளோ. நாயை வாங்கிக் காது, வயிறு, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பஞ்சர் அவள் முகத்தில் ஈரத்தை உதறியது.

“துடுப்பை ஏன்டா விட்ட?”

“அதுக்கு மூச்சு முட்டாது.”

அக்கா நாயின் ஜாக்கெட்டைக் கழற்றினாள். பிறகு, விடியற்காலையில் இதை வெளியே கூட்டிப்போக வேண்டுமே, எப்படி எழுந்திருப்பாய் என்று கேட்டாள். எழுந்திருக்க வேண்டியதே இல்லை, இரவு வேலைப் பழக்கத்தில் அதற்குப் பிறகுதான் தூங்கவே போவேன் என்றான்.

அவன் துடுப்பைத் தேடி மறுபடி தண்ணீரில் இறங்கினான். பின்னால் அக்கா காப்பகத்துக்குப் போன் போட்டுப் பேசுவது கேட்டது.

“வேண்டாங்க, ஆள் கெடச்சுட்டான். சுமாரான ஆளுதான்.”