டெய்லரக்காவுக்கு எடுத்த அளவு

இருபது வருஷமாக ஊருக்கே அளவெடுத்த டெய்லரக்கா, இன்று பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி தன் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லோரமும் ஈறுக்குள் இறக்கி, மில்லிமீட்டர் கணக்கில் எண் சொன்னார். நர்ஸம்மா குறித்துக்கொண்டார்.

"மூணு, ரெண்டு, மூணு."

அக்காவின் கால்விரல்கள் செருப்புக்குள் துள்ளின. மூன்றுவரை நல்ல ஈறு. அதற்கு மேலே போனால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு முன்னால் கீழ்வரிசை முன்பல்லில் ஏழு. தொட்டாலே ஆடியது. "சுத்தம் பண்ணிப் பாப்போம். இறங்கலேன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார்.

தப்பு அக்காவுடையதுதான். பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைப் பச்சைப் பிள்ளையைப் போல் பொத்திப் பொத்திக் காப்பாற்றினாள். காப்பாற்றியது பல்லை அல்ல, அடியில் இறுகிக் கிடந்த அழுக்கை. போதாக்குறைக்கு நூலையும் அதே பல்லால்தான் கடித்து அறுப்பாள். டாக்டரம்மா ஈறுக்கடியில் சுரண்டி எடுத்த பிறகுதான் நூல் வெட்டும் கத்தரிக்கோல் கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் ஏறியது. தினமும் பல்லிடுக்கில் குட்டி பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தாள். முதல் வாரம் ஒரே ரத்தம். பல்லைக் கடித்துக்கொள்ளவும் வழியில்லாமல் பொறுத்துக்கொண்டாள்.

துணைக்கு வந்த தங்கச்சி சுவரோரம் நின்றாள். "எதுக்குக்கா இந்தப் பாடு? அம்மாவுக்கும் நாப்பதுல பல்லு கொட்டிடுச்சு, பெரியம்மாவுக்கும் கொட்டிடுச்சு. நம்ம வீட்டுத் தலையெழுத்து." வழியெல்லாம் அவள் பாடிய பாட்டு இதேதான், அதுவும் கையால் வாயை மூடிக்கொண்டு.

கம்பி அந்தப் பல்லுக்கு வந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு."

அக்கா டாக்டரம்மாவின் கையையே பிடித்துவிட்டாள். "இன்னொரு தடவ அளங்கம்மா! ஒரே அளவ நம்பி நான் துணிய வெட்டுறதே இல்ல."

டாக்டரம்மா சிரித்தபடி மறுபடி இறக்கினார். "நாலேதான். ரத்தமும் இல்ல, ஆட்டமும் கொறஞ்சிருக்கு. பல்லு இருக்கட்டும். ஆனா தேய்க்கறத விட்டீங்கன்னா திரும்ப ஏறிடும். மூணு மாசத்துக்கொரு தடவ வந்துடணும்."

"கடைய மூடிட்டாவது வர்றேன்!"

தலைகால் புரியாத சந்தோஷத்தில் அக்கா எழுந்து ஓடி, தங்கச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். அப்போதுதான் மூடாத அந்த வாய் கண்ணில் பட்டது. ஈறெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"ரத்தம் வருதா?"

"ஒரு வருஷமா. பயத்துல தொடறதே இல்லக்கா."

"தலையெழுத்தாம் தலையெழுத்து! அழுக்குடி அது. ஏறி உக்காரு!"

தங்கச்சியை நாற்காலியில் தள்ளிவிட்டு, நர்ஸம்மாவிடமிருந்து புதுத் தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதறேன்."

கம்பி இறங்கியது. "ஆறு" என்றார் டாக்டரம்மா. தங்கச்சியின் கண் கலங்கியது.

"ஆறுதானே?" என்று அக்கா அழுத்தி எழுதினாள். "நான் ஏழுலேருந்து வந்தவடி."