கொசுறாக வந்த சாயங்காலம்

டிசம்பர் மாதத்துச் சாயங்காலம் ஒன்றின் விலை அந்த வருடம் நானூற்று இருபது. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் ஐந்நூறு வரை போகும். மேகம் போட்டதென்றால் பத்து, இருபது குறைப்பார்கள். வாங்குகிறவர் கடைத்தெருவின் பெரிய பரிசுக் கடை முதலாளி, விற்கிறவர்கள் அவர் கடையில் வேலை பார்த்தவர்கள். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு ஊரே பரிசு வாங்கக் கிளம்பும் மாதம் அது. வெறும் விளக்கு வெளிச்சத்தில் யாரும் மனம் இளகிப் பணப்பையைத் திறப்பதில்லை என்று முதலாளி தொழில் தொடங்கிய வருடமே கண்டுகொண்டார். ஆட்களின் சாயங்காலங்களைக் கழற்றிக் கண்ணாடி ஜன்னல்களில் தொங்கவிட்டால் கதை வேறு. அந்தத் தேன் நிறத்தில் நின்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரு குதூகலம் பிறந்தது. கஞ்சர்கள்கூட விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினார்கள். விற்றவர்களுக்கு இதில் வலி ஒன்றும் கிடையாது. கடிகாரம் நாலரை அடிக்கும், அடுத்து எட்டரை அடிக்கும், அவ்வளவுதான். நடுவில் எங்கே இருந்தோம் என்று யாரும் கேட்டதில்லை. காசு சரியாக வந்தது.

கடையின் பின்கட்டில் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டியவளை எல்லாரும் பொட்டலக்காரி என்றே கூப்பிட்டார்கள். டிசம்பரில் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. விடிந்ததிலிருந்து அடுத்தவர் சந்தோஷத்தை மூலை மடித்து ஒட்டிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் பிள்ளையின் பிறந்தநாள், மாமியார் வரும் நாள் என்று ஒன்றிரண்டு சாயங்காலத்தை ஒதுக்கிவைத்து மிச்சத்தை விற்றபோது, இவள் மட்டும் வருடா வருடம் மாதத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டாள். "எடுத்துக்குங்க முதலாளி. தனி ஆளுக்குச் சாயங்காலம் எதுக்கு? கொசு கடிக்கவா?" மொத்த விலை என்பதால் முதலாளி முந்நூறுதான் கொடுத்தார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை இருந்தது. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்றதில் துவைத்த துணி உட்காரும்.

அவளுக்கு ஒரே உறவு தங்கை. தங்கையின் கல்யாண வரவேற்பு ஒரு டிசம்பர் சாயங்காலத்தில் அமைந்ததும், அது ஏற்கெனவே விற்றாகிவிட்ட சாயங்காலம் என்பது அக்காவுக்கு மறந்துபோனதும்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நாலரை மணிக்கு நல்ல உடை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கீழே இறக்கும்போது மணி எட்டரை. ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறி உட்கார்ந்திருந்த தங்கை கண்ணாடியை இறக்கி, "உனக்கு அந்தக் கடைதான்டி கூடப்பிறந்தது" என்றாள். வீட்டில் பெரியவளை அவள் 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு ஆறு வருடம் எந்த மாதிரியும் பேசவில்லை.

ஏழாவது டிசம்பரில் தங்கையிடமிருந்து போன் வந்தது. "வியாழக்கிழமை உங்க ஊர்ல பஸ் மாறணும். அஞ்சு மணிக்கு இறங்குறேன், எட்டுக்கு அடுத்த பஸ். வீட்ல இருப்பியா, இல்ல வழக்கம்போலதானா?" பொட்டலக்காரி "இருக்கேன், வா" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் அந்த வியாழக்கிழமையும் விற்றுப்போனது, விற்ற காசு பல் பிடுங்கியவரிடம் போய்ச் சேர்ந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இந்தத் தடவையும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள் என்றால், தங்கை இனி இந்த ஊரில் பஸ் மாற மாட்டாள். சுற்று வழியில் போவாள்.

முதலாளியிடம் போனாள். அவர் கூடைச் சுமையில் தொடங்கிக் கண்ணாடிக் கடைக்கு ஏறிய மனிதர். ஒரு பைசா இறங்குவதற்குள் எதிரில் நிற்பவருக்கு நரை விழுந்துவிடும். "ஒரே ஒரு சாயங்காலம் திருப்பிக் குடுங்க முதலாளி." அவர் தலையைத் தூக்காமலே, "கறந்த பால் மடி ஏறுமாம்மா?" என்றார். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், இரண்டாயிரத்து நூறு என்றும் சொன்னார். "முந்நூறுக்குத்தானே குடுத்தேன்." "நீ குடுக்கறப்போ அது சாயங்காலம். இப்ப ஜன்னல்ல தொங்குது பாரு, இது சரக்கு." அவள் கெஞ்சினாள், கோபப்பட்டாள், போவதுபோல் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். ஆயிரத்து எண்ணூறுக்குக் கீழே அவர் இறங்கவில்லை. அவளிடம் அதில் பாதிகூட இல்லை.

அப்போது அவள் செய்த காரியத்தைக் கடைத்தெரு ரொம்ப நாள் பேசியது. கல்லாப்பெட்டிக்கு நேராகப் போய் ஒட்டுகிற டேப் ஒரு சுருள் எடுத்தாள். பின்கட்டில் இலவசமாகக் கையாளும் அதே டேப். பேரம் பேசாமல் முழு விலையை எண்ணி வைத்தாள். பிறகு முதலாளி முகத்தைப் பார்த்து, "கொசுறு?" என்றாள்.

முதலாளி பேனாவை மூடினார். விலையைக் குறைப்பது அவருக்கு ரத்தம் எடுப்பது மாதிரி. ஆனால் காசு கொடுத்துச் சரக்கு வாங்கியவர் கொசுறு கேட்டு வெறுங்கையோடு போனால் தராசு முள் வளைந்துவிடும் என்று கூடை தூக்கிய காலத்திலிருந்தே நம்பியவர் அவர். "இத்தனை வருஷம் எங்கிட்ட இருந்துட்டு இதைக் கத்துக்க இவ்ளோ நாளா?" என்று அலுத்துக்கொண்டே சரக்கறைக்குப் போனார். ஜன்னல் சட்டத்துக்குப் பொருந்தாமல் கத்தரித்துப்போட்ட சாயங்கால ஓரங்கள் அங்கே ஒரு சாக்கில் கிடந்தன. ஒரு கை அள்ளிப் பழுப்புக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பார்த்தால் மூன்று துண்டுகள். காவலாளியுடையது ஒன்று, கணக்கு எழுதுகிற பெண்ணுடையது ஒன்று, சிரித்துக்கொண்டே பில் போடுகிறவனுடையது ஒன்று.

கிழிந்ததை ஒட்டுவதில் அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வியாழக்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டு வந்து மூன்றையும் ஓரம் சேர்த்து ஒட்டினாள். நாலரை அடிப்பதற்குள் ஜன்னலில் மேலிருந்து கீழாகப் பதித்தாள். நாலரை அடித்தது. எட்டரை அடிக்கவில்லை. அறைக்குள் தேன் நிறம் இறங்கியது. ஊருக்கெல்லாம் சுற்றிக் கொடுத்த பண்டம் முதல் தடவையாக அவள் முழங்கால்மேல் வந்து விழுந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் மூலை மடிக்கப் பார்த்தாள்.

தங்கை வந்தாள். வாசலிலேயே நின்று, "பரவால்லையே, ஆள் இருக்கே" என்றாள். துணிகள் எழுந்து இடம் கொடுத்தன. "இந்த வெளிச்சம் ஏது?" "கொசுறு." காவலாளியின் துண்டு ஓடும்வரை இரண்டு பேரும் நாள் முழுக்க நின்றவர்களைப்போல் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள். கணக்கெழுதும் பெண்ணின் துண்டில் தூறல் இருந்தது. கீழே சைக்கிள் கடை வாசல் காய்ந்து கிடக்க, அந்த ஜன்னலுக்கு மட்டும் மழை பெய்தது. "நீ மெலிஞ்சுட்டே" என்றாள் தங்கை. "நீ குண்டாயிட்டே" என்றாள் அக்கா. பில் போடுகிறவனின் துண்டு வந்ததும் இருவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் நீர் வந்து, பள்ளிக்கூடம் விட்டாற்போல் ஓய்ந்தது.

ஓய்ந்த பிறகு தங்கை கோப்பையைப் பார்த்தபடி, "அன்னிக்கு மண்டபத்துல உன்னைத் தேடினேன்க்கா. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா" என்று ஆரம்பித்தாள். அந்தக் கடைசித் துண்டில் நடுவே ஒரு கிழிசல், மேலே டேப்; டேப்புக்கு அடியில் சாயங்காலம் இல்லை. அக்காவின் கண் ஒரு தடவை இமைத்தது. இமை திறந்தபோது டீ ஆறியிருந்தது, தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதான். சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்."

என்ன சொன்னாய் என்று கேட்டால், அப்போதும் நீ இல்லை என்றாகிவிடும். அக்கா கேட்கவில்லை. ஜன்னலில் மிஞ்சியிருந்த துண்டை உரித்துக் கையில் சுற்றிக்கொண்டு, பஸ் நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். படியில் ஏறும்போது, "அடுத்த டிசம்பர்லயும் வா. அதையே இன்னொரு தடவை சொல்லு" என்றாள். தங்கை பையை வாங்கிக்கொண்டாள். "நான் ஒரு தடவை அழுதது போதாதா உனக்கு?" என்றாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த வருடத்துக் கணக்கு இப்படி முடிந்தது. வரவு: டீ இரண்டு, மழை கொஞ்சம், சிரிப்பு ஒன்று, 'அக்கா' என்ற சொல் ஒரு தடவை. செலவு: டேப் ஒரு சுருள். தங்கையிடமிருந்து வரவேண்டிய பாக்கி: ஒரு வாக்கியம், முன்னும் பின்னும் போக, நடுப்பகுதி மட்டும்.