ஆட்டோவா, பிக்ஸடா

பெனடிக்டின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு ஆனிமேரி கண்ணாடிப் பெட்டியை மூடப்போன நேரத்தில்தான் இன்பசேகரன் அந்தப் பேச்சை எடுத்தான்.

“ஆட்டோதான் எடுத்திருக்கணும் மதினி. நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்.”

அவள் கணவனின் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். சோழவந்தானிலிருந்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டும் இதைத்தான் பேச வேண்டுமா?

பெனடிக்டுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் வாங்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைப்பது ஆட்டோ. விடியவிடிய ஒரே அளவில் ஊதுவது பிக்ஸட். “உங்களுக்கு ரெண்டுமே சரிவரும் சார். எதையாவது தினமும் மாட்டுங்க, அதான் முக்கியம்” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பெனடிக்ட் விடுவாரா? தம்பியைக் கேட்டார், ஆட்டோ என்றான். எதிர்வீட்டு சிவபாண்டியைக் கேட்டார், பிக்ஸட் என்றார். கடைசியில் அந்தோணியார் படத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். பிக்ஸட் வந்தது. தம்பியின் முகம் தொங்கிப்போகவே, ஜெபம் சரியாகச் சொல்லவில்லை என்று மறுபடி குலுக்கினார். ஆட்டோ வந்தது. ஆண்டவரே குழம்பிவிட்ட பிறகு மனுஷன் என்ன செய்ய, ஈஸ்டர் கழியட்டும் என்று தள்ளிவைத்தார். ஈஸ்டரும் கழிந்தது. இன்று விடியுமுன் தூக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார்.

“ஆட்டோவுல அழுத்தம் ஏறுறப்ப முழிப்பு வந்துரும் மாப்ள,” என்றார் மாலையோடு வந்த சிவபாண்டி. “பிக்ஸடுன்னா ஒரே சீரா இருக்கும்.”

“அண்ணே, வெவரம் தெரியாமப் பேசாதீங்க. மல்லாந்து படுத்தா ஒரு அளவு, ஒருச்சாஞ்சு படுத்தா ஒரு அளவு. பிக்ஸடுக்கு அது தெரியுமா?”

பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் பெனடிக்ட், வாழ்க்கையில் முதல்முறையாக எந்த அபிப்பிராயமும் சொல்லாமல். ஆனிமேரிக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது.

“ரெண்டுல எந்தச் சனியன் இந்த வீட்டு வாசப்படி ஏறுச்சு? இம்புட்டு நாளா வெறும் வாயத்தான மென்னீங்க. ஏதாச்சும் ஒண்ணு வந்திருந்தா இந்த மனுசன் உசுரோட கெடந்திருப்பாரு.”

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவ்விருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுத்துக் கல்லறைத் தோட்டம்வரை அவரைச் சுமந்துபோனார்கள்.

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்பசேகரன் ஹாலில் உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போனான். அண்ணனின் அதே குறட்டை, தெருமுனைவரை கேட்கும். திடீரென்று அது நின்றது.

“அப்பாடா,” என்றார் சிவபாண்டி.

ஆனிமேரி காப்பித் தம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தோளை உலுக்கினாள். அவன் திணறி மூச்சை இழுத்துக்கொண்டு கண்விழித்தான்.

“என்ன மதினி? நான் தூங்கலையே.”

“காலையில டாக்டர்ட்டப் போறோம். அவரு எதக் குடுத்தாலும் வாங்கிட்டு வாரோம்.”

“ஆட்டோவா இருந்தா...”

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி லேசாகக் குறட்டை கிளம்பியது. ஆனிமேரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“புழுங்குதேம்மா, ஃபேனக் கூட்டி வைக்கவா?” என்று கேட்டாள் மகள் ஹெப்சிபா.

“நிப்பாட்டு. மூச்சு கேக்க மாட்டேங்குது.”