மாரென் தூக்கிவந்த நாற்காலி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகுத்துறையில் நிற்பதாகச் சொன்னவள் மாரென்தான். பத்தரை ஆகியும் ஆளைக் காணோம். வெயில் வந்த சந்தோஷத்தில் ஹாம்புர்க் நகரத்தில் பாதிப்பேர் துறைக்கு இறங்கி வந்திருந்தார்கள். அவளுக்காகக் காத்திருந்த தோழி வீப்கே இரண்டு படகுகளைப் போகவிட்டாள். வாரம் முழுக்க மருந்துக் கடையில் நின்றே வேலை பார்க்கிறவள் அவள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் விடுப்பு. பதினோரு வருடமாக அந்த இரண்டையும் மாரெனுக்கே கொடுத்துவிட்டுப் பிறகு நொந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. போன மாதம் ஆல்ஸ்டர் ஏரியில் வாடகைப் படகெடுத்து, நடு ஏரியில் துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டவள் மாரென். அதற்கு முந்தைய தடவை, பூட்டிக் கிடந்த அருங்காட்சியகத்துக்குக் கொட்டும் மழையில் அழைத்துப்போனாள்.

பத்து ஐம்பதுக்கு மாரென் வந்தாள். தலையில் ஒரு மர நாற்காலியைக் கவிழ்த்துச் சுமந்திருந்தாள்.

“எங்கேடி தூக்கின இதை?” என்றாள் வீப்கே.

“எங்க தெருமுனையில. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. கைப்பிடியத் தொட்டுப் பாரேன், என்ன வழவழப்பு.”

“தெருமுனைதானே? வீட்டுல வச்சுட்டு வர வேண்டியதுதானே?”

“திரும்பிப் போனா லேட்டாயிடும். நீ கத்துவ.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் மாரென்; குடைச்சல் என்னவோ வீப்கேவுக்கு.

படகில் நிற்கவே இடமில்லை. கயிறு கட்டுகிற ஆள் நாற்காலியைப் பார்த்து, “இவருக்கு டிக்கெட் இருக்கா?” என்றான். “இவரு நின்னுக்கிட்டே வருவாரு” என்றாள் மாரென். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். படகு திரும்பும்போதெல்லாம் நாற்காலியின் கால் வீப்கேவின் முழங்காலில் இடித்தது.

மணல்கரையில் இறங்கிக் கலங்கரை விளக்கம் வரை நடப்பது என்பது திட்டம். அரை மணி நேரத்தில் முன்னூறு அடிகூடத் தாண்டவில்லை. மாறி மாறித் தூக்கினார்கள். எதிரே வந்த நாயையெல்லாம் மாரென் கொஞ்சினாள். அப்போதெல்லாம் நாற்காலி வீப்கேவின் கைக்கு வந்தது. நான்காவது நாய் வந்தபோது வீப்கே நாற்காலியை மணலில் போட்டாள்.

“போதும் மாரென். நீயும் உன் நாற்காலியும். இனிமே சனிக்கிழமைன்னு எனக்கு ஃபோன் பண்ணாத. நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கறேன்.”

மாரென் நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். “உனக்குப் பசி. நான் போய் மீன் பன் வாங்கிட்டு வரேன். நீ உட்காரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சண்டையைக்கூட முழுசாகப் போடவிட மாட்டாள்.

வேறு வழியில்லாமல் வீப்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. இரண்டு பேர் அவளைப் படமெடுத்தார்கள். துறைமுகத்துக்குள் போகும் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று எல்பே ஆற்றை அடைத்துக்கொண்டு கடந்தது. அது கிளப்பிய அலை தாமதமாக வந்து, அவள் காலணியை நனைத்துவிட்டுத் திரும்பியது. எழுந்து நாற்காலியை மேட்டுக்கு இழுத்தபோது, தாடிக்காரர் ஒருவர் வந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல பழைய வேலைப்பாடு. வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்குங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “இல்லைங்க. என் ஃப்ரெண்டோடது” என்று வந்தது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மாரென் இரண்டு பன்களோடு திரும்பியபோது மணி ஒன்றரை. வீப்கேவின் பன்னில் வெங்காயம் இல்லை. அவளுக்குப் பிடிக்காது. கடையில் அதைச் சொல்ல மறந்த மாரென், வரும் வழியெல்லாம் விரலால் பொறுக்கி எறிந்துகொண்டே வந்திருக்கிறாள். விரல் முழுக்க எண்ணெய்.

சாப்பிட்டு முடித்து, கையை மணலில் துடைத்துவிட்டு, மாரென் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“இங்க பாருடி. வெயில்ல பார்த்தா நிறம் ஒரு மாதிரியா இருக்கு. எங்க வீட்டுல எங்க போடறது? இங்கேயே விட்டுட்டுப் போயிடலாமா?”

வீப்கே மெதுவாக எழுந்தாள். முழங்காலில் நீலம் பாரித்திருந்தது. காலுறை ஈரம். கலங்கரை விளக்கம் தொலைவில் விரல் உயரத்துக்குத் தெரிந்தது.

“விட்டுட்டுப் போறதா?” என்றாள். “தொடு பாக்கலாம் அதை.”

நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். படகில் அதே ஆள் எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். ரயிலில் கதவோரம் அதைத் தன் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாரென் பின்னாலேயே வந்தாள். “நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?” என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் வீப்கே நடையை எட்டிப் போட்டாள். வீப்கேவின் வீடு இருந்த நான்காவது மாடிக்கு ஏறும்போது மட்டும், திருப்பத்தில் சுவரில் இடிக்கவே, “பிடிச்சுத் தொலை” என்றாள் வீப்கே.

சமையலறை சன்னலோரத்தில் நாற்காலி கச்சிதமாகப் பொருந்தியது. வீப்கே காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினாள். மாரென் செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் சாய்ந்து, இரண்டு கைப்பிடியிலும் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாற்காலி. அடுத்த தடவை எங்க போகலாம்?”

“முதல்ல எந்திரி,” என்றாள் வீப்கே. “அது என்னோடது.”