பாதி ஆட்டக்காரன்

எங்கள் பேஸ்பால் அணியில் நானும் லோவலும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். வலக்கையன் பந்து வீசினால் இடக்கை மட்டைக்காரனான லோவல் ஆடுவான். இடக்கையன் வந்தால் அவனை உட்கார வைத்துவிட்டு, வலக்கை மட்டைக்காரனான என்னை இறக்குவார் மேனேஜர் பர்டெட். இடக்கையன் வீசும் பந்து இடக்கை மட்டைக்குச் சிக்காது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இருபது வயதுப் பையன் அந்தப் பந்தைச் சந்திக்காமலே எப்படி ஆடக் கற்பான்? என்னையும் அந்த வயதில் இப்படித்தான் பாதி ஆளாக்கினார்கள். முப்பத்து நான்கு வயதிலும் இந்தச் சின்ன லீக்கில் கிடக்கிறேன்.

சனிக்கிழமை, கடைசி இன்னிங்ஸ். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். லோவலின் முறை. எதிரணி உடனே ஓர் இடக்கையனைப் பந்துவீச அழைத்தது.

லோவல் தானாகவே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடா வர்ற?"

"இடக்கையன்ல, பெரிசு. உன் வேலை."

"மட்டையை எடு, கிளைட்," என்றார் பர்டெட்.

நான் எடுக்கவில்லை. நடுவரைப் பார்த்துக் கத்தினேன். "யோவ், ரெண்டு கண்ணு இருக்கே, ஒண்ணையாவது தொறந்து வையேன்யா."

"இன்னும் ஒரு வார்த்தை பேசின, வெளியே போயிடுவ."

"ஒண்ணு என்ன, பத்து வச்சிருக்கேன்."

ஆறாவது வார்த்தையிலேயே நடுவர் என்னை ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

"கிறுக்குப் பயலே, வலக்கையன்னு மிச்சம் இருந்ததே நீ ஒருத்தன்தான்," என்று பர்டெட் தலையில் கைவைத்தார்.

"அப்ப அவனையே ஆடச் சொல்லுங்க."

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் கதவிடுக்கில் நின்றுகொண்டேன். முதல் பந்துக்கு லோவல் வீசிய மட்டை காற்றைத்தான் அடித்தது. கூட்டம் சிரித்தது. இரண்டாவதும் அப்படியே. இன்னொன்று தவறினால் அவுட், ஆட்டமும் முடிந்தது. மூன்றாவது மட்டையின் ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே தெறித்தது. பட்டுவிட்டது, பட்டுவிட்டது என்று கதவைக் குத்தினேன். நான்காவதையும் அப்படியே தட்டிவிட்டான். பந்து அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஐந்தாவது பந்து வலப்பக்கச் சுவரில் போய் மோதியது. இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஜெயித்துவிட்டோம். அந்த நடைவழியிலேயே குதித்தேன்.

பர்டெட் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நாளைக்கும் இடக்கையன்தான் வீசறான். லோவலே ஆடட்டும். இனிமே நீ எனக்கு எதுக்கு, சொல்லு?"

கதவைக் குத்திச் சிவந்த கையைத் துடைத்துக்கொண்டு, லோவலைக் கட்டிப்பிடிக்க ஓடினேன்.